சித்ரா ஊதாத மெழுகுவர்த்தி

உத்திரமேரூர் ஏரிக்கரை முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் முப்பது வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சித்ரா வீடு எது என்று கேட்டால் யாரும் கதவெண் சொல்ல மாட்டார்கள். "அடுப்பு ஊதாத அம்மாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். விறகு அடுப்பு வைத்துக்கொண்டு ஊதுகுழல் இல்லாமல் சமைக்கிறவள் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். தீ மங்கினால் பனைவிசிறியால் வீசுவாள். சமையல் முடிந்தால் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தானாக அவியட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மழைநாளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊது ஊதென்று ஊதும்போதும் இவள் வாயைத் திறக்க மாட்டாள். பொறுமைசாலி என்று சிலர் சொல்வார்கள், திமிர் பிடித்தவள் என்று பலர் சொல்வார்கள். இரண்டும் இல்லை. பதினோரு வருஷம் ஒரு வீட்டில் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அந்தப் பழக்கம் போன டிசம்பரில் ஒரு கிறிஸ்தவச் சபையையே ஆட்டிப் பார்த்துவிட்டது.

சித்ரா இருளர் வீட்டுப் பெண். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தாள், அங்கேயே ஞானஸ்நானமும் எடுத்தாள். பத்தொன்பது வயதில் மணியைக் கட்டிக்கொண்டாள். மணி வயலில் எலி பிடிப்பான், ஏரியில் மீன் பிடிப்பான், நெல் மண்டியில் மூட்டை தூக்குவான், வேலை முடிந்தால் குடிப்பான். சபைக் கோயிலுக்குக் கூப்பிட்டால் வாசல் வரை வந்து, சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பாட்டெல்லாம் கேட்டுவிட்டு, பிரசங்கம் தொடங்கும்போது நழுவிவிடுவான். ஞானஸ்நானம் என்றால் சிரிப்பான். "நான் கன்னியம்மா தண்ணியில பொறந்தவன். இன்னொருக்கா இன்னாத்துக்கு முழுவணும்?" என்பான். இருளர்களுக்குக் கன்னியம்மன்தான் தெய்வம். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் சனம் சனமாகக் கூடி அவளைக் கும்பிட்டு வருவார்கள். அவளை விட்டு வர மணிக்கு மனசில்லை. சித்ராவும் வற்புறுத்தவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதிலும் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு முப்பத்துமூன்று வயதானபோது உபதேசியார் ஞானதாஸ் ஒரு வேலை கொண்டுவந்தார். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் அந்தச் சபைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஞானதாஸ்தான். ஜெபமும் அவர், அடக்கமும் அவர், கோயில் சாவியும் அவர், ஆர்மோனியமும் அவர். ராயபுரத்தில் ஒரு வயதான அம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மனிதர் பஸ் பிடித்து நேரில் போய் வீட்டைப் பார்த்துவிட்டே வந்தார்.

"நம்ம ஆளுங்கதான் சித்ரா. கவுன் போட்டுக்கினு கீறாங்க. நெத்தியில பொட்டு கெடையாது. வூட்ல பியானோ கீது. தைரியமா போ."

பொட்டில்லாமல் கவுனும் பியானோவும் இருந்தால் கிறிஸ்தவர்கள் என்பது ஞானதாஸின் முடிவு. அந்த அம்மா பார்சி.

அது சித்ராவுக்குத் தெரிய நாற்பது நாள் ஆயிற்று. கூடத்துச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. வெள்ளை அங்கி, தாடி, தலையைச் சுற்றி ஒளி, ஒரு விரல் மேலே தூக்கியிருக்கிறது, கண் வானத்தைப் பார்க்கிறது. வேறு யாராக இருக்க முடியும்? தினமும் காலையில் அந்த அம்மா எழுவதற்கு முன் சித்ரா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, "இயேசப்பா, மணி குடிக்காம இருக்கணும்" என்று கேட்பாள். நாற்பத்தோராம் நாள் பின்னாலிருந்து சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

"யாருன்னு நெனச்சிக்கினு கும்புடறே?" என்றார் ஃப்ரேனி மேடம். எழுபத்தொன்பது வருஷம் ராயபுரத்திலேயே வளர்ந்த நாக்கு. கவுனைப் பார்த்தவர்கள் அந்தத் தமிழை எதிர்பார்க்க மாட்டார்கள்.

"இயேசப்பா மேடம்."

அந்த அம்மா சிரித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். "இவர் பேரு ஜரதுஷ்ட்ரர். எங்க தீர்க்கதரிசி. உங்க இயேசுவுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி. பரவால்ல, கேட்டது கேட்டுட்டே. இன்னா கேட்டே?"

சித்ராவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பாவம் செய்துவிட்டோமோ என்று அன்றைக்கு இரவெல்லாம் ஜெபம் பண்ணினாள். அந்த வாரமே மணி அவளைப் பார்க்க வந்தான். முகம் தெளிந்திருந்தது, சட்டை துவைத்திருந்தது. "நாப்பது நாளா தொடல சித்ரா. இன்னாமோ வேணாம்னு தோணிச்சி" என்றான். அவள் அவனையும் பார்த்தாள், சன்னல் வழியே கூடத்துப் படத்தையும் பார்த்தாள். படத்துக்கு முன்னால் முழங்கால் போடுவதை அவள் நிறுத்திய மாதத்திலேயே மணி மறுபடி குடிக்க ஆரம்பித்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உள்ளே கிடந்தது.

அந்த வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, மேலே மிதக்கும் திரி ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். வந்த முதல் வாரம் சித்ரா அதை ஊதி அணைத்துவிட்டுக் கழுவப் போனாள். ஃப்ரேனி மேடம் கோபப்பட்டு அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நெருப்பு சுத்தம். நம்ம மூச்சு எச்சில். அது மேல ஊதக்கூடாது. அடுப்பானாலும் சரி, மெழுகுவத்தியானாலும் சரி, தானா முடியட்டும்" என்றார். முதலில் வேலைக்காகச் செய்தாள். போகப்போகக் கை தானாகச் செய்தது. பிறகு வாய் வராமலே போய்விட்டது.

கிறிஸ்துமஸ் வந்தால் மேடமே ஆளனுப்பிக் காகித நட்சத்திரம் வாங்கி வாசலில் கட்டச் சொல்வார். கட்டும்போது கிண்டலும் நடக்கும்.

"உங்க இயேசு கொழந்தையத் தேடிக்கினு வந்த சாஸ்திரிங்க யாரு தெரியுமா? எங்க ஆளுங்க. பாரசீகத்துல நட்சத்திரம் பாக்கற எங்க பூசாரிங்க. உங்க ஆளுங்க எடமில்லன்னு மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்பிட்டாங்க. எங்க ஆளுங்க அவ்ளோ தூரத்துலேருந்து பரிசோட வந்தாங்க."

"அவங்களுக்கு எப்பிடி மேடம் தெரிஞ்சுது?"

"எங்களுக்கும் ஒருத்தர் வரணுமே. நாங்களும் வானத்தப் பாத்துக்கினுதான இருந்தோம்."

அப்படித்தான் அந்தக் கதை துண்டு துண்டாக வந்தது. வரப்போகிறவர் பெயர் சோஷியந்த். கிழக்கே ஒரு ஏரி. அதில் ஒரு கன்னிப்பெண் குளிக்க இறங்குவாள். ஆண் தொடாமலே கர்ப்பமாவாள். பிறக்கிறவர் கெட்டதை முழுசாக ஒழிப்பார். செத்தவர்களெல்லாம் எழுந்து நிற்பார்கள், நியாயத்தீர்ப்பு நடக்கும். விடுதியில் படித்த பாடம் அப்படியே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"எங்க வேதத்தப் பாத்து எழுதிக்கினாங்களா மேடம்?"

"எங்ககிட்டேருந்து நீங்க எடுத்தீங்கன்னு நாங்க சொல்லுவோம். நீங்க திருப்பிச் சொல்லுவீங்க. படிச்சவங்க இன்னும் சண்ட போட்டுக்கினுதான் கீறாங்க. எங்க புஸ்தகத்துல பாதி தொலஞ்சிபோச்சு, கொஞ்சம் ரொம்பப் பிந்தி எழுதனது. நான் டைப்பிஸ்ட், எனக்கு இன்னா தெரியும்? கஷ்டப்பட்டவங்க எல்லாம் ஒரே மாதிரிதான் காத்துக்கினு இருப்பாங்க சித்ரா. அது மட்டும் தெரியும்."

மணியிடம் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. "ஏரியில குளிச்ச கன்னிப்பொண்ணா? அது நம்ம கன்னியம்மாதான். எப்பவோ அந்த ஊருக்குப் போயிருப்பா" என்றான்.

மாதம் ஒருமுறை வரும்போதெல்லாம் அவன் ஈரத்துணியில் சுற்றிய விரால் மீன் கொண்டுவருவான். மேடத்துக்கு மீன் என்றால் உயிர். அவனைத் திட்டவும் செய்வார், மீனை முள் விடாமல் தின்னவும் செய்வார். அப்படி ஒரு மத்தியானம் மணி சாப்பிட்டுவிட்டு வாசல் படியில் தூங்கும்போதுதான் அவர் கடைசி நாளைப் பற்றிச் சொன்னார். மலையிலிருக்கிற உலோகமெல்லாம் உருகி ஆறாக ஓடும். எல்லாரும் அதில் இறங்கியாக வேண்டும். நல்லவர்களுக்கு அது வெதுவெதுப்பான பாலாகத் தெரியும். கெட்டவர்களை அது சுடும். ஆனால் சுட்டு அழுக்கை எடுத்துவிடும், ஆளை எடுக்காது.

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, எல்லாரும் ஒரே கரையில ஏறிடுவாங்க. நரகத்துல ஒரு ஆள் பாக்கி இருக்காது."

"எங்க சபையில அப்பிடி இல்ல மேடம். நல்லவங்க செம்மறியாடு, ஒரு பக்கம். கெட்டவங்க வெள்ளாடு, இன்னொரு பக்கம்."

"மணி எந்தப் பக்கம்?"

சித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். பல வருஷமாக அவள் தனக்குத்தானே கேட்கப் பயந்த கேள்வி அது. மேடம் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "எங்க ஆத்துல உன் புருஷன் மொதல்ல அய்யோ அய்யோன்னு கத்துவான். அப்பறம் பால்ல குளிச்ச மாதிரி ஏறி வருவான், பாரு" என்றார். சித்ரா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

தொண்ணூறு வயதில் ஃப்ரேனி மேடம் இறந்தார். கடைசியாக அவர் வாயைத் துடைத்தது சித்ராதான். ஆனால் குருக்கள் வந்து சடங்கு தொடங்கியதும் வெளியாட்கள் உடலைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பம்பாயிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, வெளியே நிற்கச் சொன்னாள். பதினோரு வருஷம் குளிப்பாட்டிய உடம்பு. சித்ரா காம்பவுண்டுச் சுவரோரம் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் வரை நின்றாள். எல்லாரும் ஒரே கரையில் ஏறுவார்கள் என்று சொன்ன வீட்டிலேயே தனக்கு உள்ளே இடமில்லை என்பது அவளுக்கு வலித்தது. கோபம் வரவில்லை. கால்தான் நெடுநேரம் வலித்தது.

ஊருக்குத் திரும்பி மணியோடு சரியாக ஒரு வருஷம் இருந்தாள். அடுத்த டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ஏரி நிரம்பிக் கலங்கலில் உபரித் தண்ணீர் வழிந்தபோது, குடித்துவிட்டு மீன் பிடிக்கப் போன மணி மதகருகே வழுக்கி விழுந்து இறந்தான். ஞானஸ்நானம் எடுக்காதவன், அதிலும் போதையில் போனவன். சபை அடக்கம் செய்யாது என்று கமிட்டியில் முடிவாயிற்று. இருளர் வழக்கப்படி அவன் அண்ணன் சுப்ரமணிதான் எல்லாம் செய்தான். ஞானதாஸ் தெருமுனை வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதைச் சித்ரா பார்த்தாள்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வருஷம் திரும்பும்போது வீட்டுக்கு வந்து சபையார் ஒரு நினைவு ஜெபம் பண்ண வேண்டும். மணியின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சபையில் யார் வீட்டில் சாவு என்றாலும் செய்கிற காரியம்தான். முடியாது என்றார்கள். சொன்னவன் கமிட்டிச் செயலாளர் வினோத்குமார். முப்பது வயது, ஒரகடத்தில் கம்பெனி வேலை, தபால் வழியில் வேதப் படிப்பு படித்தவன். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் கையை நீட்டுகிறவன்.

ஞானதாஸுக்கு மனசு உறுத்தியது. ஜெபம் தர முடியவில்லை, ஒரு மரியாதையாவது தரலாம் என்று நினைத்தார். அந்தச் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேக் வெட்டுவார்கள். இயேசுவுக்குப் பிறந்தநாள் என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சபையில் ஒருவரைக் கூப்பிட்டு ஊதி அணைக்கச் சொல்லிவிட்டு வெட்டுவார்கள். போன டிசம்பரில் அவர் கூப்பிட்டது சித்ராவை.

அவள் போய் நின்றாள். பிள்ளைகள் கைதட்டிப் பாடி முடித்தார்கள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். சித்ரா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுடரைப் பார்த்தபடி நின்றாள். உதட்டைக் குவிக்கத்தான் நினைத்தாள். வரவில்லை. பாட்டை இரண்டாம் முறையும் பாடினார்கள்.

"இன்னாக்கா, மூச்சு வாங்குதா?" என்று வினோத்குமார் பக்கத்தில் வந்தான்.

"நெருப்ப ஊதற பழக்கம் இல்ல தம்பி. தானா முடியட்டும். நான் நிக்கறேன்."

"எந்த ஊர்ப் பழக்கம் இது?"

அவள் ஒரு வார்த்தையில் சமாளித்திருக்கலாம். ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது என்னவோ, மடை திறந்துவிட்டது. மேடம், படம், நாற்பது நாள், சாஸ்திரிகள், ஏரியில் குளிக்கும் கன்னி, வரப்போகிறவர், உருகி ஓடும் ஆறு, பால், எல்லாவற்றையும் கத்தியைப் பிடித்தபடியே சொன்னாள். கடைசியில், "அந்த ஆத்துல எம்புருஷனுக்கு எடம் கீது. இங்க ஒரு ஜெபத்துக்குக்கூட எடமில்ல" என்றாள். பெஞ்சில் யாரோ அழுதார்கள். யாரோ தோத்திரம் என்று முணுமுணுத்தார்கள். வினோத்குமார் முகம் சிவந்து குனிந்து மெழுகுவர்த்தியை ஊதினான். "இது அந்நிய அக்கினி. கர்த்தர் கேக்காத நெருப்பு" என்றான்.

மறுநாளே கமிட்டி கூடியது. இரண்டு நாள் கழித்து ஞானதாஸ் அவள் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அறுபது தாண்டியவர், கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு வார்த்த சித்ரா. அந்தக் கதையெல்லாம் சாத்தான் போட்ட வேஷம்னு ஞாயித்துக்கெழம எழுந்து சொல்லிடு. சொல்லிட்டா இருவத்திரண்டாந்தேதி சபையே வந்து மணிக்கு ஜெபம் பண்ணும். வினோத்தே ஒத்துக்கினான்."

"வினோத் ஏன் அய்யா இவ்ளோ கோவப்படறான்?"

"அவங்கப்பாவும் குடிகாரர்தான். முழுகி எழுந்த அன்னிக்கு வுட்டவரு, சாவற வரைக்கும் தொடல. முழுகாதவனும் அதே கரையில ஏறலாம்னா எங்கப்பா பட்ட பாடு சும்மாவான்னு கேக்கறான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அது சித்ராவுக்குத் தெரியாத சங்கதி. பிறகு, "வூட்ட மாத்திக் காட்டனவர் நீங்கதான அய்யா. கவுன் போட்டா கிறிஸ்தவங்கன்னு" என்றாள். அவர் தலையாட்டினார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த நாப்பது நாள் நான் யாருகிட்ட கேட்டேன்? கேட்டது நடந்துதே. யாரு காதுல வாங்கிக் குடுத்தது?"

ஞானதாஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

சொல்லிவிட்டால் என்ன என்று சித்ரா நிஜமாகவே நினைத்தாள். மேடம் செத்துப்போய்விட்டார், காதில் விழப்போவதில்லை. விழுந்தாலும் சிரிப்பார். மணிக்கு ஜெபம் கிடைக்கும். புல் அறுக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "சாத்தான் போட்ட" வரைக்கும் வந்தது. அதற்கு மேல், விராலை முள் விடாமல் தின்ற அந்த முகம் வந்து நின்றது. மணியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரே முகம் அதுதான். அந்த முகத்தைச் சாத்தான் என்று சொல்லி மணிக்கு ஜெபம் வாங்கினால் மணியே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கே போகவில்லை.

அதற்கு மறுநாள் இருபத்திரண்டாம் தேதி. சாயங்காலம் நாலு மணிக்கு மணியின் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, அதன் முன் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றினாள். சுப்ரமணியும் அவன் மனைவியும் மட்டும் வந்தார்கள். சித்ரா பாட ஆரம்பித்தாள். குரல் உடைந்து நின்றபோது வெளியிலிருந்து ஒரு கட்டைக் குரல் அந்த வரியை எடுத்துக்கொண்டது. ஞானதாஸ் உள்ளே வந்தார். வெள்ளை அங்கி இல்லை, சாதாரணக் கட்டம் போட்ட சட்டை.

"சபை சார்பா வரல சித்ரா. ஞானதாஸ் வந்துகீறேன்" என்று பாயில் உட்கார்ந்தார். "நீ கேட்டதுக்குப் பதில் தேடிக்கினு இருந்தேன். முப்பத்துநாலு வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த சாஸ்திரிங்க கதையச் சொல்றேன். பரிசு குடுத்தத சொல்வேன், அதோட வுட்டுடுவேன். நேத்துதான் மேல படிச்சேன். அவங்க சொந்த ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்க சித்ரா. வேற வழியா. யாரும் அவங்கள முழுகச் சொல்லல. அவங்க நட்சத்திரத்தத் திட்டிட்டு வான்னும் யாரும் சொல்லல. கும்பிட்டாங்க, போனாங்க. போனவங்க இன்னா ஆனாங்கன்னு எழுதல. எழுதாதத நான் எப்பிடி முடிவு பண்றது?"

"அப்ப அந்த நாப்பது நாள்?"

"யாருன்னு எனக்குத் தெரியாது. யாரோ காதுல வாங்கினாங்க. அது எனக்குப் போதும்."

கண்ணை மூடி அவர் ஜெபம் பண்ணினார். நீளமான ஜெபம் இல்லை. ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு எந்த ஜெபம் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மணி என்ற பெயரை மூன்று தடவை சொன்னார், மீன் கொண்டுவந்ததைச் சொன்னார், தெருமுனையில் தான் நின்றதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஒரு வருஷமாக வராத அழுகை சித்ராவுக்கு அப்போது வந்தது.

ஆமென் சொன்னதும் ஞானதாஸ் பழக்கதோஷத்தில் மெழுகுவர்த்தியை ஊதக் குனிந்தார். உதடு குவிந்தபடியே நின்றது. சித்ராவைப் பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முக்கால்வாசி மெழுகுவர்த்தி பாக்கி இருந்தது.

ஆறு மணிக்குக் கிறிஸ்துமஸ் பஜனை கிளம்ப வேண்டும். ஆர்மோனியம் வாசிக்கிறவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆர்மோனியமோ கோயிலுக்குள், சாவியோ அவர் சட்டைப் பையில். போன் அடித்தது. "மெழுவத்தி எரிஞ்சிக்கினு கீது. முடிஞ்சதும் வரேன்" என்று வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. சித்ரா எட்டிப் பார்த்தாள். சாவிக்காக வந்தவர்கள், இருபது பேருக்கு மேல், நட்சத்திர விளக்கும் மேளமுமாக வேலிப் படலுக்கு வெளியே நின்றார்கள். முன்னால் வினோத்குமார். வரவும் இல்லாமல் போகவும் இல்லாமல் காலை மாற்றி மாற்றி நின்றான். நிற்கிற விதத்தைப் பார்த்ததும் சித்ராவுக்கு ராயபுரத்துக் காம்பவுண்டுச் சுவர் ஞாபகம் வந்தது.

போய்ப் படலைத் திறந்தாள். "வாசல்ல நின்னா காலு வலிக்கும். எனக்குத் தெரியும். உள்ள வாங்க."

"நான் வந்தா சபை ஒத்துக்கினதா ஆயிடும்க்கா" என்றான் வினோத்குமார். குரலில் பழைய வேகம் இல்லை.

"சபைய இங்கயே வுட்டுட்டு நீ மட்டும் வா தம்பி. உங்கப்பா பட்ட பாடு சும்மா இல்ல. அது எனக்குத் தெரியும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான். அவன் உள்ளே வந்து மணியின் படத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது, பின்னால் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். கதவு அகலமாகத் திறந்ததில் ஏரிக்காற்று அப்படியே உள்ளே பாய்ந்தது. சுடர் படுத்துத் துடித்தது. பக்கத்தில் இருந்தவன் அவன்தான். சட்டென்று மண்டியிட்டு இரண்டு கையையும் குவித்துச் சுடரைச் சுற்றி வைத்துக்கொண்டான். சுடர் நிமிர்ந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கதவைச் சாத்த முடியவில்லை. கடைசி ஆள் வந்து உட்காரும்வரை வினோத்குமார் கையை எடுக்கவில்லை.